எடையைத் தாங்காத தையல்

ரவிக்கை தைக்கிறவருக்குத் தையல்தான் உருவம். தோள் இறங்காமல் நிற்பதும் முதுகில் சுருக்கம் விழாமல் இருப்பதும் டக் பிடித்த இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து எடுத்த பட்டாக இருந்தாலும், தையல் கோணினால் போட்டுப் பார்க்கிறவர் கண்ணாடி முன் நின்று முகத்தைச் சுளிப்பார். அந்தக் கைப்பழக்கத்தோடு ஹேமக் தைக்க உட்காருகிறவர், முதலில் மனசை ஒரு விஷயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தூங்குகிற துணியில், ஆள் எடை போகிற பாதையைத் தையலிடம் ஒப்படைக்கக் கூடாது. துணியும் கயிறும் எடையைத் தாங்கட்டும். தையல் ஓரம் பிரியாமல் காக்கட்டும், கயிறு நுழைய வழி விடட்டும், மழையைத் திருப்பி விடட்டும். தையல்தான் தாங்கியாக வேண்டும் என்று வருகிற இடம் மொத்த சாமான்களிலும் ஒன்றிரண்டுதான். காட்டில் தங்குவதற்கான சாமான்களைச் சில வருஷமாக வீட்டில் தைத்து வருகிறேன். அதில் கற்றதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவள். வெளிநாட்டிலிருந்து வரும் அளவுத் தாளைப் பார்த்து ஒரே ஒரு உருப்படி தைத்துக் காட்ட வேண்டும். அது தேறினால்தான் லைனில் ஆயிரக்கணக்கில் ஓடும். ஓவர்லாக், பேட்லாக், ஒற்றை ஊசி என்று எல்லா மிஷினிலும் கை பழகியது அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் வேலைக்காக அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக்கு வந்தோம். டர்ஹம் நகரத்தில் வீடு. மேற்கே மூன்றரை, நான்கு மணி நேரம் கார் ஓட்டினால் அப்பலாச்சியன் மலைத்தொடர் வந்துவிடும். வார இறுதியில் அவருடைய அலுவலக நண்பர்களோடு மலை ஏறப் போகத் தொடங்கினோம். அந்த மலையில் படுக்கத் தோதான தரை கிடைப்பது கஷ்டம். சரிவு, கல், வேர், ஈரம். மரத்துக்கோ பஞ்சமே இல்லை. கூடாரக்காரர்கள் சமதளம் தேடி அலையும்போது, ஹேமக் வைத்திருப்பவர் இரண்டு மரத்தைப் பார்த்துக் கட்டிவிட்டுக் காப்பி போட ஆரம்பித்துவிடுவார். இதைப் போனில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏங்கண்ணு, தொட்டிலுக்குத் தூளி கட்டுற வயசுல நீங்களே தூளியில தூங்கறீங்களா?" என்று கேட்டார். கேலிதான், ஆனால் சரியான பேச்சு. சேலையின் இரு முனையையும் கொசுவிக் கயிற்றில் முடிகிற தூளியும், இந்த ஊர்க்காரர்கள் தைக்கிற ஹேமக்கும் அமைப்பில் ஒன்றேதான். நீளமும் அகலமும் துணியின் ரகமும்தான் வேறு.

மலையேறுகிறவர்கள் தங்கள் சாமானைத் தாங்களே தைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் ஓடுகிற அப்பலாச்சியன் நடைபாதையை 1955-ல் எம்மா கேட்வுட் என்ற பாட்டி தன் 67-வது வயதில் தனியாக நடந்து முடித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அதை ஒரே மூச்சில் தனியாக முடித்ததில்லை. அவர் தோளில் போட்டிருந்தது டெனிம் துணியில் தானே தைத்துக்கொண்ட ஒரு பை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. 1990-களில் ரே ஜார்டின் என்பவர், மூட்டையின் எடையைக் குறைக்க வேண்டுமானால் கடைச் சாமானைத் தள்ளிவிட்டுத் தையல் மிஷின் முன் உட்காருங்கள் என்று எழுதினார். துணியும் நாடாவும் செய்முறையும் சேர்த்துப் பொட்டலமாகவும் விற்றார். பாறை ஏறுகிறவர்கள் வெடிப்பில் செருகுகிற ஸ்பிரிங் கருவியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தப் பொட்டலங்களைப் பார்த்துத் தைக்கப் பழகியவர்கள் நிறையப் பேர். நான் வந்த காலத்தில் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. டர்ஹமிலேயே ரிப்ஸ்டாப் பை தி ரோல் என்ற கம்பெனி, மலையேற்றத்துக்கான துணி வகைகளைக் கெஜக்கணக்கில் வெட்டி விற்கிறது.

துணியைத் தொடும் முன்னால் ஒரு கணக்கு. ஹேமக் கட்டுகிற பட்டை கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சரிந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் இழுவிசை. 70 கிலோ ஆள் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டை 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுக்கும். 20 டிகிரி என்றால் 100 கிலோவைத் தாண்டும். 10 டிகிரிக்கு 200 கிலோ. 5 டிகிரி அளவுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 400 கிலோ. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் தொய்வைப் பார்த்துப் பயந்து இழுத்து இழுத்துக் கட்டுவார்கள். கட்டில் மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். தொய்வாகக் கட்டி, நீளவாக்கில் படுக்காமல் கொஞ்சம் குறுக்காக, தலை ஒரு ஓரமும் கால் எதிர் ஓரமுமாகச் சாய்ந்து படுத்தால்தான் முதுகு சமமாகக் கிடக்கும். நீளமும் அகலமும் தாராளமாக வேண்டும் என்பது இதற்காகத்தான். முடித்த நீளம் 130 அங்குலம், அகலம் 58 அங்குலம் என்பது நான் வழக்கமாக வைக்கிற அளவு. இதைவிடக் குட்டையாகத் தைத்தால் முழங்காலுக்குக் கீழே துணி விறைத்து ஒரு வரப்பாக எழும்பி, ஆடுதசையை இரவெல்லாம் அழுத்தும்.

துணி ரிப்ஸ்டாப் நைலான். சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை பாவிலும் ஊடையிலும் தடித்த இழை ஓட்டிக் கட்டம் கட்டமாக நெய்திருப்பார்கள். முள் கிழித்தாலும் கிழிசல் அடுத்த தடித்த இழையில் நின்றுவிடும். ஒரு சதுர கெஜம் எத்தனை அவுன்ஸ் என்பதுதான் இங்கே கடைப் பேச்சு. 1.1 என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 37 கிராம். 1.6 என்றால் 54 கிராம். திருப்பூரில் பழகியவருக்கு இழை நம்பரில் ஒரு தடுமாற்றம் வரும். நம் பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 60-ம் நம்பர் 30-ஐவிட மெல்லிசு. நைலானுக்குச் சொல்லும் டெனியர் நேர் எதிர். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் ஏறினால் இழை தடிக்கும். 20 டெனியர் துணியைக் கையில் பிடித்தால் காற்றுப் பட்டே நழுவிப் போகும்.

இங்கே என் தமிழ்ச் சிநேகிதி ஒருவர், "அக்கா, நான் கொஞ்சம் கனம். எனக்கு மட்டும் நாலு வரிசை தையல் போட்டுக் குடுங்க" என்று கேட்டார். நான் தையல் வரிசையைக் கூட்டவில்லை. 1.6-க்குப் பதிலாக 1.9 துணியை வெட்டினேன். ஊசி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் இழைகள் நகர்ந்தோ அறுந்தோதான் வழி விடுகின்றன. நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரத்தில் குத்தி வைத்த மாதிரி ஒரு கோடு விழும். மெல்லிய நைலானில் தையல் எண்ணிக்கையைக் கூட்டினால் பலம் கூடாது, குறையும். ஒரு தையல் மூன்று மில்லிமீட்டர் நீளம், 80-ம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஆகாது. ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு மக்கிப் போகும். ஊசியின் முனை கூர்மையாக இருக்க வேண்டும். பனியன் துணிக்குப் போடுகிற உருண்டை முனை ஊசி இதற்குச் சரிப்படாது. மிஷினுக்கும் ஆடம்பரம் தேவையில்லை. பழைய சாமான் கடையில் கிடைத்த, நேர்த்தையல் மட்டும் போடுகிற சிங்கர் என்னிடம் இருக்கிறது. அதன் தகட்டில் ஊசி இறங்க ஒரு சின்ன ஓட்டை மட்டுமே உண்டு. ஜிக்ஜாக் மிஷினின் அகலத் துளைக்குள் மெல்லிய துணி இழுபட்டுப் போகும். இதில் போகாது.

இனி ஹேமக்கின் முனை. வேலையின் உயிர் அங்கேதான். 4 கெஜம் துணி எடுத்து, நீளவாக்கில் இரு ஓரத்தையும் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு முறை மடித்துத் தைத்துவிடுவேன். இந்தத் தையல் எடை தாங்குவதில்லை. ஓரம் பிரியாமல் காப்பதோடு சரி. நூல் டென்ஷனை மட்டும் தளர்த்திவைக்க வேண்டும். இறுக்கினால் ஓரம் சுருங்கி நடுத்துணியைவிடக் குட்டையாகிவிடும். பிறகு இரு முனைகளிலும், உள்பாவாடைக்கு நாடா ஓட்ட வழி விடுவோமே, அதே மாதிரி ஓர் அங்குல அகலத்தில் மடித்து இரண்டு வரிசை தைக்க வேண்டும். பலர் கயிற்றை இந்த வழியிலேயே ஓட்டி அப்படியே மரத்தில் மாட்டுவார்கள். அப்படிச் செய்தால் ஆள் எடை முழுக்க அந்த இரண்டு வரிசைத் தையலில் போய் உட்காரும். நான் செய்வது வேறு. வழியில் ஒரு சாதாரணக் கயிற்றை ஓட்டி முனையை ஒன்றாக இழுத்துக் கட்டிவிடுவேன். கட்டும் முன்னால் துணியை இரண்டிரண்டு அங்குலமாகக் கொசுவி, சேலைக் கொசுவம் அடுக்குகிற மாதிரி சமமாக அடுக்கிக்கொள்ள வேண்டும். இழுத்துக் கட்டிய பிறகு முனையில் துணி குண்டாக ஒரு மொக்கு மாதிரி நிற்கும். பலமான கயிற்று வளையத்தை அந்த மொக்குக்கு உள்பக்கமாக, தையல் வரிசைகளையும் தாண்டி, வெறும் துணியின் மேல் சுருக்கிட்டு இறுக்குவேன். எடை ஏற ஏறச் சுருக்கு இறுகும். மொக்கு நழுவாமல் தடுக்கும். தையலுக்கு அங்கே வேலையே இல்லை. அறுத்தே பிரித்தாலும் மொக்குக்குள் துணியின் மடிப்பு நிற்கிறவரை படுக்கை நிற்கும். முடித்த ஒவ்வொரு ஹேமக்கிலும் கயிறு பிடித்திருக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். விரலுக்கு அடியில் தையல் தட்டுப்பட்டால் கழற்றி மறுபடியும் இறுக்குவேன்.

இரு முனை வளையங்களுக்கும் நடுவே படுக்கைக்கு மேலாக ஒரு கயிறு ஓடும். இதை ரிட்ஜ்லைன் என்கிறார்கள். நீளம், ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். 130 அங்குலத்துக்கு 108 அங்குலம். மரங்கள் நெருக்கமாக இருந்தாலும் தள்ளி இருந்தாலும் படுக்கையின் தொய்வு மாறாமல் இருப்பது இந்தக் கயிற்றால்தான். கொசுவலையைத் தொங்கவிடவும் கண்ணாடியை மாட்டவும் இதுதான் கொடி.

கயிறு டைனீமா. 2.8 மில்லிமீட்டர் தடிமன்தான். அறுக்க 1,600 பவுண்டு விசை வேண்டும், அதாவது 700 கிலோவுக்கு மேல். தண்ணீரில் மிதக்கும். பன்னிரண்டு புரிகளாகப் பின்னி நடுவில் உள்ளீடற்று இருக்கும். எவ்வளவு பலமோ அவ்வளவு வழுக்கல். சாதாரண முடிச்சு நழுவிவிடும், நழுவாத முடிச்சோ கயிற்றின் பலத்தைப் பாதியாக்கிவிடும். அதனால் கயிற்றின் முனையை அதே கயிற்றின் வயிற்றுக்குள் புதைத்துத்தான் சேர்க்க வேண்டும். முனையில் நான்கைந்து புரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி மெலிதாக்கிக்கொள்வேன். மெல்லிய கம்பியை வளைத்து, புதைய வேண்டிய இடத்தில் கயிற்றின் பின்னலை விலக்கி உள்ளே செலுத்தி, சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி வெளியே எடுத்து, அதில் முனையைக் கோத்து உள்ளே இழுப்பேன். பிறகு வெளிப்பின்னலைக் கட்டைவிரலால் நீவி விட வேண்டும். நீவ நீவ உள்ளே போன முனை காணாமல் போகும். எடை ஏறும்போது வெளிப்பின்னல் இறுகி உள்கயிற்றைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கவ்வும். ஒரு பொட்டுத் தையல் இல்லை, ஒரு முடிச்சு இல்லை. பல வருஷம் தைத்துப் பழகியவளுக்கு இதைக் கற்ற நாளில் பொறாமையே வந்தது.

எடை தாங்கியே தீர வேண்டிய தையல் மரத்தைச் சுற்றுகிற பட்டையில் வரும். கயிற்றை நேராக மரத்தில் கட்டினால் மரப்பட்டை உரிந்துவிடும், மரத்தின் உயிரோட்டம் அந்த மரப்பட்டைக்கு அடியில்தான். ஓர் அங்குல அகலப் பாலியஸ்டர் பட்டை வேண்டும். நைலான் பட்டை ஈரத்தில் நீளும். இரவு பத்து மணிக்கு இடுப்பு உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். பட்டையின் ஒரு முனையை மடித்துக் கண் தைக்க வேண்டும். தையல் பலமாக நிற்பது இழுப்பு துணியின் தளத்தோடு போகும்போது. இரண்டு மடிப்பையும் வாயைப் பிளப்பதுபோல் பிரிக்கிற இழுப்பு வந்தால், வரிசையாக ஒவ்வொரு தையலாகத் தெறிக்கும். அதனால் மடிப்பை மூன்று அங்குலமாவது ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டு, பட்டையின் நீளவாக்கிலேயே போய்வரும்படி தைப்பேன். குறுக்கே போகும் வரிசைகளைக் குறைத்து, நீளவாக்கு வரிசைகளைக் கூட்டுவதுதான் நுட்பம். இதற்குத் தடித்த நூல், 100-ம் நம்பர் ஊசி. மிஷின் திணறினால் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கலாம். இங்கே வேகத்துக்கு மரியாதை இல்லை.

ஹேமக் தைத்துவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. வட கரோலினாவின் தென்மேற்கு மூலையில் கார்ஜஸ் மாநிலப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல், அதாவது 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. திருப்பூர்ப் பக்கம் பெய்வதில் மூன்று மடங்கு. அங்கே தார்ப்பாய்தான் வீடு. ஹேமக்கில் தையலை எடைப் பாதையிலிருந்து ஒதுக்குகிற மாதிரி, தார்ப்பாயில் தையலை மழைப் பாதையிலிருந்து ஒதுக்க வேண்டும். அது முழுக்க நடக்காது. சிலிக்கான் பூசிய துணி 58, 60 அங்குல அகலத்தில்தான் வருகிறது. இரண்டு துண்டை நடுவில் இணைத்தால்தான் கூரை அகலம் கிடைக்கும். அந்த இணைப்பு தலைக்கு நேர் மேலே, முகட்டில் வருகிறது. ஜீன்ஸ் காலின் உள்பக்கத்தில் பிசிறு எதுவும் தெரியாமல் இரட்டையாக மடித்துத் தைத்திருப்பார்களே, அந்தத் தையல்தான் போட வேண்டும். முகடு என்பதால் தண்ணீர் அங்கே நிற்காமல் இரு பக்கமும் ஓடும். இழுப்பும் தையலின் நீளவாக்கிலேயே போகிறது, குறுக்கே பிளக்கவில்லை. அந்த மட்டில் நல்ல இடம்தான். மிச்சம் இருப்பது ஊசித் துளைகள். கண்ணாடிக்குப் பூசுகிற நிறமற்ற சிலிக்கானைப் பெயின்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட்டில் கலக்கி, தூரிகையில் இழுபடுகிற பதத்துக்குக் கொண்டுவந்து, தையல் நெடுகப் பூச வேண்டும். சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கானைத் தவிர வேறு எந்தப் பசையும் ஒட்டாது.

இந்தத் துணியில் குண்டூசி குத்தக் கூடாது. குத்திய ஒவ்வொரு இடமும் ஒழுகும் துளை. துணியைப் பிடித்துவைக்க பிளாஸ்டிக் கிளிப் போடுவேன். மேசையிலிருந்து துணி வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் மடியில் ஒரு பழைய பருத்திச் சேலையை விரித்துக்கொள்வேன். அதன் சொரசொரப்பில் துணி நிற்கும்.

தார்ப்பாயின் ஓரங்களை நேர்கோட்டில் வெட்டினால் எப்படி இழுத்துக் கட்டினாலும் ஓரம் தளர்ந்து காற்றில் படபடக்கும். உள்நோக்கிக் கொஞ்சம் வளைத்து வெட்ட வேண்டும். எவ்வளவு வளைவு, என்ன வடிவம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் 1691-ல் தனித்தனியே அதற்கு விடை கண்டார்கள். இரண்டு ஆணியில் தொங்குகிற சங்கிலி எந்த வளைவில் தொங்கும் என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தச் சமன்பாடு வேண்டாம், சங்கிலியே போதும். கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் ஓரத்தின் நீளத்துக்கு இரண்டு ஆணி அடித்து, மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, நடுவில் ஐந்து அங்குலம் இறங்கும்படி சரிசெய்வேன். பின்னால் ஒட்டிய காகிதத்தில் சங்கிலியை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டால் அச்சு தயார். அந்த அச்சைத் துணியில் வைத்து வெட்டினால், நான்கு மூலையையும் இழுக்கும்போது ஓரம் முழுவதும் ஒரே சீராக விறைக்கும். மூலைகளில் கயிறு கட்ட நாடா வளையம் வேண்டும். அங்கே இழுப்பு ஒரு புள்ளியில் குவிவதால், அதே துணியில் முக்கோண ஒட்டுக்கள் இரண்டு வைத்து, நாடாவை அதற்குள் நன்றாக உள்ளே தள்ளி, மறுபடியும் இழுப்பின் திசையிலேயே தைப்பேன். அளவு கேட்டால், ரிட்ஜ்லைன் 108 அங்குலம் உள்ள ஹேமக்குக்கு 11 அடி முகடு. இரண்டு முனையிலும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாரலுக்கு அது போதும்.

கொசுவலையில் எல்லாரும் ஜிப்பைப் பார்த்துத்தான் மலைப்பார்கள். வலைத்துணி இழுத்த பக்கமெல்லாம் போகும், ஜிப் வளையாது. வலையை முதலில் வெட்டாமல் முழுத் துண்டாகவே வைத்து, ஜிப்பை அதன் மேல் இரு பக்கமும் தைத்துவிட்டு, பிறகு ஜிப்புக்குப் பின்னால் உள்ள வலையைக் கத்தரியால் நடுவில் பிளந்துவிட்டால் கோணலுக்கே இடமில்லை. அதையும் தவிர்க்கலாம். ஹேமக் முழுவதையும் சுற்றி மூடுகிற உறையாக வலையைத் தைத்து, அடியில் திறந்துவிட்டு, அந்த வாயில் நாடா ஓட்டிச் சுருக்கிவிட்டால் ஜிப்பே வேண்டாம். உள்ளே ஏறக் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகக் குளிர். இதை நம் ஊர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். 20 டிகிரி செல்சியஸ் இரவில்கூட ஹேமக்கில் படுத்தால் பலருக்கு முதுகு சில்லிட ஆரம்பித்துவிடும். அடியில் தரை இல்லை, காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தூக்கப் பையைப் போர்த்திக்கொண்டாலும் முதுகுக்கு அடியில் இருக்கிற பஞ்சு உடம்பு எடையில் நசுங்கிப்போகும். சூட்டைப் பிடித்துவைப்பது பஞ்சுக்குள் நிற்கிற காற்றுதான். பஞ்சு நசுங்கினால் காற்று இல்லை, சூடும் இல்லை. அதனால் ஹேமக்குக்கு வெளியே, அடியில், எடை படாதபடி ஒரு மெத்தை தொங்க வேண்டும். இங்கே அண்டர்குவில்ட் என்கிறார்கள்.

நம் ஊர் ரஜாய் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்கும் தைத்திருக்கும். அந்தத் தையல் ஓடுகிற கோட்டில் பஞ்சு கிடையாது, இரண்டு துணி மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். குளிர் அந்தக் கோடு வழியாக உள்ளே வரும். வாத்துத் தூவி நிரப்புகிறவர்கள் இதற்காகவே இரண்டு துணிக்கும் நடுவில் வலைத் தடுப்புச் சுவர்கள் எழுப்புகிறார்கள். பொறுமை அதிகம் வேண்டிய வேலை, வீடெல்லாம் தூவி பறக்கும். நான் எடுப்பது கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் என்கிற செயற்கைப் பஞ்சு. அறுபடாத நீண்ட இழைகளால் ஆன விரிப்பு. உள்ளே நகர்ந்து கட்டி தட்டாது என்பதால் நடுவில் தைக்கவே தேவையில்லை, நான்கு ஓரத்தில் தைத்தால் போதும். இதிலும் ஓர் அளவு நுட்பம் இருக்கிறது. மெத்தை உடம்பைச் சுற்றி வளைந்து நிற்கிறது. உள்துணியும் வெளித்துணியும் ஒரே அகலத்தில் இருந்தால் வெளித்துணி இறுகிப் பஞ்சை நசுக்கும். அரைவட்டமாக வளைகிறது என்று வைத்துக்கொண்டால், வெளித்துணி பஞ்சின் தடிமனைப் போல 3.14 மடங்கு அகலம் கூடுதலாக வேண்டும். 3 சென்டிமீட்டர் பஞ்சுக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கூடுதலை ஓரத்தில் சின்னச் சின்னக் கொசுவமாக அடக்கிவிடலாம்.

"கடையில வாங்குறதைவிட மிச்சமாகுதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஹேமக்கில் மிச்சமாகும். தார்ப்பாயில் துணி விலையே பெரிது, நேரத்தையும் சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்டச் சமம். அண்டர்குவில்டில் நன்றாக மிச்சமாகும். ஆனால் காசுக்காகத் தைக்க வேண்டாம். வீட்டுக்காரர் ஆறடி உயரம், நான் ஐந்தேகால் அடி. கடையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் தருவார்கள். நான் இரண்டு அளவு வெட்டுகிறேன். அந்த வித்தியாசம்தான் தைப்பதன் லாபம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்வேன். முதலில் நாடா ஓட்டிய சின்னப் பை ஒன்று தையுங்கள். வழுக்குகிற துணி கைக்கு அடங்கப் பழகும். அடுத்தது ஹேமக். விலையுயர்ந்த துணியை வெட்டப் பயமாக இருந்தால், விருந்துக் கூடங்களில் மேசைக்கு விரிக்கிற 60-க்கு 126 அங்குலப் பாலியஸ்டர் விரிப்பு இருக்கிறது. ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கும். முனைகளைக் கொசுவிக் கயிறு இறுக்கினால் தையல் மிஷினே இல்லாமல் ஒரு ஹேமக் ஆகிவிடும். வீட்டுப் பின்புறத்தில் படுத்துப் பார்த்து, நீளம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவது தார்ப்பாய். அண்டர்குவில்ட் கடைசி. எதைக் கட்டினாலும் முதலில் நாற்காலி உயரத்துக்கு மேல் போகாதீர்கள். உட்கார்ந்து, எடையை மெதுவாக இறக்கி, பிறகு படுங்கள். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா மாதிரி சில இடங்களில் ஹேமக்கைக் குறிப்பிட்ட முகாம் இடங்களில் மட்டும்தான் கட்டலாம். அங்கே மழைக் கொட்டகைத் தூணில் கட்டுவதற்கும் தடை உண்டு. கிளம்பும் முன் விதியைப் படித்துவிடுவது நல்லது.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். வெயில் நைலானுக்கு எமன். நிறம் வெளுத்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிராக இழுத்துப் பார்க்க வேண்டும், இழை விலகினால் அந்தத் துணியில் இனிமேல் படுக்கக் கூடாது. கயிற்றிலும் பட்டையிலும் பிசிறு இல்லையென்றால் அவை அடுத்த ஹேமக்குக்குப் போகும். பழைய துணியை வெட்டிக் காய்கறிப் பை தைத்துக்கொள்ளலாம். அதில் எத்தனை வரிசை வேண்டுமானாலும் தையல் போடலாம்.